அட்வான்டேஜ் கொடுக்கப் போகும் புதிய மத்தியஸ்தர்களுக்கு: கொழும்பில் நான் பட்டது

உதைபந்தாட்ட மத்தியஸ்தர் பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணி, ஞாயிற்றுக்கிழமைகளில் கொழும்பில் நடக்கிற கம்பனி மெட்ச், ஊர்ச் சங்க மெட்ச் என்று விசிலோடு போகத் தொடங்கியிருக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். ஃபவுல் நடந்தும் ஊதாமல் ஆட்டத்தை ஓடவிடுகிறோமே, அந்த அட்வான்டேஜ் பற்றித்தான். எங்களுக்குப் படிப்பித்தபோது ஒஃப்சைடுக்கு ஒரு முழுக் காலை போனது. அட்வான்டேஜ் வந்ததும் "அது செய்யச் செய்யத்தான் வரும்" என்று சொல்லி அடுத்த பக்கத்தைப் புரட்டிவிட்டார்கள். அது வருவதற்குள் என் புருவத்தில் தையல் விழுந்தது, கைக்கடிகாரம் போனது, வேலைக்குப் போகாத நாட்களின் சம்பளம் போனது. மெட்ச் காசு இன்றுவரை வரவில்லை. காசை விடுங்கள், இரண்டு மாதத்துக்கு மேல் விசிலைக் கையில் எடுக்கவே மனம் வரவில்லை. யாராவது ஒருவர் முன்கூட்டியே கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் இதில் பாதி நடந்திருக்காது.

நான் கொட்டாஞ்சேனைக்காரன். புறக்கோட்டையில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் கணக்கு எழுதுகிறேன். இளவயதில் பின்வரிசையில் ஆடினேன். முழங்கால் போன பிறகும் மைதானத்தை விட முடியாமல் மத்தியஸ்தர் வேலைக்கு வந்தேன். சட்டம் சொல்வது கொஞ்சம்தான். ஐந்தாம் சட்டத்தில் இருக்கிறது: ஆட்டம் தொடர்ந்தால் ஃபவுல் பட்ட அணிக்கு நன்மை என்றால் ஓடவிடலாம். எதிர்பார்த்த நன்மை அப்போதே, அல்லது சில விநாடிகளுக்குள் வராவிட்டால், திரும்பிப் போய் அந்த ஃபவுலுக்கே ஊதலாம். ஃபவுல் செய்தவனுக்கு நாம் ஊதுவதே லாபமாகிவிடக் கூடாது என்ற யோசனை 1903ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே வந்துவிட்டது. திரும்பிப் போய் ஊதலாம் என்பது 1996இல்தான் சேர்ந்தது. அதற்கு முன் விட்டால் விட்டதுதான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், கொழும்பு மைதானங்களில் கோட்டோரம் நிற்கிற மூத்தவர்கள் பலர் அந்தப் பழைய சட்டத்தில் ஆடியவர்கள். நீங்கள் திரும்பி வந்து ஊதினால் அவர்கள் "இதென்ன புதுக்கதை" என்று கத்துவார்கள். பக்கத்தில் நிற்கிற இளைஞர்கள் பாடசாலை ரக்பி பார்த்து வளர்ந்தவர்கள். ரக்பியில் அட்வான்டேஜ் நீண்ட நேரம் ஓடும், பந்து எத்தனை கை மாறினாலும் லாபம் கிடைக்காவிட்டால் மத்தியஸ்தர் பழைய இடத்துக்கே கூட்டிவருவார். அதைப் பார்த்துப் பழகியவர்கள் நம்மிடமும் அதையே எதிர்பார்க்கிறார்கள். ஒரு கூட்டம் திரும்பவே கூடாது என்கிறது, இன்னொரு கூட்டம் எப்போதும் திரும்ப வேண்டும் என்கிறது. நடுவில் நிற்பது நாம்.

சம்பவம் வடகொழும்பில் ஒரு சுற்றுப்போட்டியின் அரையிறுதியில் நடந்தது. அணிகளின் பெயரோ ஏற்பாட்டாளர்களின் பெயரோ வேண்டாம். எனக்கு வந்தது ஒரு வாட்ஸ்அப் செய்தி மட்டும்: நேரம், இடம், 3,500 ரூபா. அந்த இரண்டு அணிப் பையன்களுக்கும் போன வருடம் ஒரு கைகலப்பு நடந்திருக்கிறது என்பதை நான் இடைவேளையில் தேத்தண்ணி ஊற்றிக்கொடுத்த பெரியவர் வாயால்தான் கேட்டேன். கோட்டோரத்தில் கயிறு இல்லை, சனம் கோட்டிலேயே நின்றது. இரண்டு உதவி மத்தியஸ்தர்களில் ஒருவர் ஏற்பாட்டாளர்களின் ஆள், கொடியோடு வந்து நின்றவர். ஆகவே முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: மெட்ச்சை ஒப்புக்கொள்ள முன் ஃபோன் எடுத்து, இவர்கள் இதற்கு முன் எப்போது மோதினார்கள், அப்போது என்ன நடந்தது, சனத்தை எங்கே நிறுத்துவீர்கள், மைதானத்தில் பொறுப்பு யார் என்று கேளுங்கள். கேட்டால் கோபிக்க மாட்டார்கள். அட்வான்டேஜ் கொடுக்கும்போது மனதில் வைக்க வேண்டியவை என்று சட்டப் புத்தகமே ஃபவுலின் கடுமை, அது நடந்த இடம், உடனடியாக நல்ல தாக்குதல் ஒன்று வருமா, ஆட்டத்தின் சூழ்நிலை என்று நான்கைச் சொல்கிறது. நான்காவது மைதானத்துக்கு வெளியிலேயே தொடங்குகிறது. அதை மைதானத்தில் போய்த் தெரிந்துகொள்வது பிந்திவிட்டது என்று அர்த்தம்.

முதற்பாதி நன்றாகத்தான் போனது. நடுக்கோட்டுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு பையனின் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். அவன் உதறிவிட்டு ஓடினான், நான் கையை நீட்டினேன், அவன் வலப்பக்கம் தள்ளிவிட்ட பந்து கோலாகவே போனது. சனம் கை தட்டியது. ஒருவர் "சேர், சுப்பர்" என்றுகூடக் கத்தினார். எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. ஒரு மத்தியஸ்தருக்குக் கோல் அடித்த மாதிரி இருப்பது இந்த ஒரு இடத்தில்தான்.

இரண்டாம் பாதியின் கடைசிக் கட்டம். பின்தங்கியிருந்த அணியின் 8ஆம் நம்பர் பந்தோடு நடுவால் வந்தான். பெனால்டிக் கட்டத்துக்கு வெளியே ஏழெட்டு யார் தூரத்தில் இருக்கையில், எதிரணி 5ஆம் நம்பர் பின்னாலிருந்து காலை வாரிவிட்டான். பந்தைத் தொடும் எண்ணமே இல்லாத முரட்டு வாரல், மஞ்சள் அட்டை நிச்சயம். ஆனால் விழும்போதே 8ஆம் நம்பரின் காலில் பட்டுப் பந்து இடப்பக்கம் உருண்டது. அங்கே 11ஆம் நம்பர் தனியாக நின்றான், முன்னால் கோல் கீப்பர் மட்டும். இரண்டு கையையும் நீட்டி "ப்ளே ஓன்" என்று ஓடினேன். 11ஆம் நம்பர் ஒரு தட்டுத் தட்டி, நேரம் எடுத்து, கோலுக்கு அடித்தான். கம்பத்துக்கு வெளியே போனது. கோல் கிக்.

இங்கே கொஞ்சம் நிற்கிறேன். அந்தத் தீர்ப்பு சட்டப்படி சரி. இன்றைக்கும் அதே நிலை வந்தால் விடத்தான் செய்வேன். கோல் கீப்பரோடு தனியே நின்று தடையில்லாமல் ஒரு அடி அடிக்கக் கிடைத்ததே, அதுதான் அட்வான்டேஜ். அடித்தவன் வெளியே அடித்தது அவன் பொறுப்பு. அதற்குத் திரும்பிப் போய் ஃப்ரீ கிக் கொடுத்தால் அந்த அணிக்கு இரண்டு வாய்ப்புக் கொடுத்ததாகிவிடும். ஆனால் பந்து வெளியே போன கணத்தில் ஆறேழு பேர் என்னைச் சுற்றி வளைத்தார்கள். "திரும்பக் குடுங்க சேர், ஃபவுல் கண்ணுக்குத் தெரியலையா?" நான் 5ஆம் நம்பருக்கு அட்டை காட்டச் சட்டைப் பையில் கை வைத்திருந்தேன். எடுக்க விடவில்லை. அந்த நேரத்தில் என் முதுகுக்குப் பின்னால் 8ஆம் நம்பர் எழும்பியிருக்கிறான். கோல் கீப்பர் கோல் கிக்குக்குப் பந்தை வைப்பதைப் பார்த்திருக்கிறான். தன்னை விழுத்தியதற்கு ஒன்றுமே இல்லை என்று அவனுக்குத் தோன்றியிருக்கிறது. நேரே போய் 5ஆம் நம்பரை உதைத்தான். அவ்வளவுதான், கோட்டில் நின்ற சனம் உள்ளே. தண்ணீர் நிரம்பிய போத்தல் ஒன்று பறந்துவந்து என் இடது புருவத்தில் பட்டது. யாரோ கையைப் பிடித்து இழுத்ததில் கடிகாரத்தின் பட்டி அறுந்து கீழே விழுந்து மிதிபட்டது. கண்ணுக்குள் இரத்தம். ஆட்டத்தைக் கைவிடுவதாக மூன்று தரம் ஊதிவிட்டு, தேத்தண்ணிப் பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டு வீதிக்கு வந்தேன்.

திரீவீலில் பெரியாஸ்பத்திரிக்குத் தனியாகப் போனேன். தையலுக்குக் காசு வாங்கவில்லை, நன்றாகத்தான் பார்த்தார்கள். ஆனால் திரீவீல், பிறகு வீங்கிய கண்ணுக்கு வெளியில் காட்டிய டொக்டர், மருந்து, கடிகாரம் எல்லாம் சேர்த்தால் 30,000 ரூபாவைத் தாண்டியது. கடையில் நாட்சம்பளம், அது வேறு. வீட்டில் அம்மாவிடம் விழுந்துவிட்டேன் என்று சொன்னேன். நம்பவில்லை. அந்த இரவில் என்னை வாட்டியது வலி இல்லை. ஏற்பாட்டாளர் தரப்பிலிருந்து ஒரு ஃபோன் வரவில்லை. நானே எடுத்தபோது "மெட்ச் முடியலையே தம்பி, எப்படிக் காசு தாறது" என்றார் ஒருவர். அடுத்த நாள் தெரிந்தது, பின்தங்கிய அணி எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறது: மத்தியஸ்தர் அப்பட்டமான ஃபவுலைக் கொடுக்கவில்லை, அதனால்தான் கலவரம் என்று. சரியாகச் செய்த ஒரு காரியத்துக்காக அடியும் வாங்கிக் குற்றவாளியாகவும் நிற்பது எப்படி இருக்கும் என்று அந்தக் கிழமை முழுக்க அனுபவித்தேன். கோபமும் வந்தது, அழுகையும் வந்தது.

எனக்குக் கைகொடுத்தது அறிக்கை ஒன்றுதான். ஆஸ்பத்திரியில் இருந்து வந்த கையோடு, கண் ஒன்று மூடியபடி, கொப்பியில் எழுதினேன்: எந்த நிமிடம், எந்த நம்பர் யாரை எங்கே விழுத்தினான், நான் என்ன சைகை காட்டினேன், என்ன சொன்னேன், பந்து எங்கே போனது, அட்டை எடுக்கப் போனபோது யார் மறித்தார்கள், யார் யாரை உதைத்தார்கள். காணாததை எழுதவில்லை. போத்தல் எறிந்தவரைக் காணவில்லை என்றே எழுதினேன். ஆட்டத்துக்கு முன் மைதானத்தைப் பரிசோதிக்கக் காலடி வைத்ததிலிருந்து ஆட்டம் முடிந்து வெளியேறும் வரை நடப்பதற்கெல்லாம் நமக்கு அதிகாரம் இருக்கிறது. காட்ட முடியாமல் போன அட்டையையும் அறிக்கையில் எழுதலாம். தூங்கி எழும்பினால் பாதி மறந்துவிடும், மீதியை மற்றவர்கள் சொல்வது மாற்றிவிடும். அன்றிரவே எழுதுங்கள், ஃபோனில் படம் எடுத்து வையுங்கள்.

தையல் பிரித்த பிறகு, கொழும்பில் நீண்ட காலம் விசில் ஊதி ஓய்ந்த ஒரு மூத்த மத்தியஸ்தர் ஆமர் வீதியில் ஒரு தேநீர்க் கடைக்குக் கூப்பிட்டார். நான் முழுக்கதையும் சொன்னேன். அவர் ஒரே கேள்வி கேட்டார்: "நீ கையை நீட்டினப்ப எட்டாம் நம்பர் எங்க பார்த்துக்கிட்டு இருந்தான்?" எனக்குப் பதில் இல்லை. "முகம் நிலத்துல, தம்பி. உன் கைய ஊரே பார்த்துச்சு, பார்க்க வேண்டிய ஒருத்தன் பார்க்கல. அவனுக்குக் காது மட்டும்தான் இருந்துச்சு." பயிற்சியில் எனக்குக் கிடைக்காதது இந்த ஒரு வசனம்தான். சைகை ஒரு கையால் காட்டினாலும் போதும், 2016இல் அப்படி மாற்றிவிட்டார்கள், ஓடிக்கொண்டே காட்டலாம். ஆனால் குரல் வேண்டும். கீழே கிடப்பவனுக்கும் விழுத்தியவனுக்கும் கேட்கிற மாதிரி: "அட்வான்டேஜ்! அஞ்சாம் நம்பர், பார்த்தேன், உனக்கு வருது!" தமிழ், சிங்களம் எந்தப் பையன் ஆடினாலும் "அட்வான்டேஜ்" என்ற சொல் விளங்கும். நம்பரை இரண்டு மொழியிலும் சொல்லப் பழகுங்கள். விழுந்தவனுக்கு மத்தியஸ்தர் கண்டுவிட்டார் என்று தெரிந்தாலே அவன் கணக்கைத் தானே தீர்க்கப் போக மாட்டான். நம்பரைச் சத்தமாகச் சொல்வதில் இன்னொரு நன்மை, நமக்கும் மறக்காது. பந்து வெளியே போனதும் மற்றதெல்லாம் பிறகு, முதலில் குறுகிய விசில், அட்டை, பிறகுதான் கோல் கிக். கோல் கீப்பரைப் பந்து வைக்கவே விடாதீர்கள்.

அட்டை விஷயம் பலருக்குக் குழப்பம். அட்வான்டேஜ் விட்டாலும் அட்டை மறைந்துபோகாது, பந்து அடுத்த முறை ஆட்டத்தை விட்டு வெளியேறும்போது காட்ட வேண்டும். ஆனால் தெளிவான கோல் வாய்ப்பைத் தடுக்கப் பார்த்த ஃபவுலுக்குச் சிவப்புக் கொடுக்க இருந்தால், அட்வான்டேஜ் விட்ட பிறகு அது மஞ்சளாகிவிடும், ஏனென்றால் வாய்ப்பு பறிபோகவில்லை. நல்ல தாக்குதலைக் குழப்பியது மட்டும்தான் குற்றம் என்றால் அட்டையே இல்லை. என்னுடைய 5ஆம் நம்பர் செய்தது முரட்டு வாரல், அந்த மஞ்சள் எப்படியும் இருக்கும். ஆளை உடைக்கிற மாதிரி வந்த ஃபவுல், அடிதடி, இரண்டாவது மஞ்சளுக்குரிய குற்றம் இவற்றுக்கு, கோல் அடிக்கத் தெளிவான வாய்ப்பு இருந்தாலொழிய அட்வான்டேஜ் கொடுக்கவே கூடாது. கொடுத்து, வெளியேற வேண்டியவன் அதற்குள் பந்தை விளையாடினாலோ எதிராளியைத் தடுத்தாலோ, உடனே நிறுத்தி, அவனை அனுப்பி, இன்டிரெக்ட் ஃப்ரீ கிக்கில் (நேரே கோல் போட முடியாத ஃப்ரீ கிக்) தொடங்க வேண்டும். தலையில் அடிபட்டு ஒருவன் அசையாமல் கிடந்தால் அட்வான்டேஜ் என்ற பேச்சே வேண்டாம், ஊதுங்கள்.

அதே தேநீர்க் கடை மேசையில் மூத்தவர் 2006 சாம்பியன்ஸ் லீக் இறுதியைச் சொன்னார். பாரிஸில் ஆர்செனலும் பார்சிலோனாவும். ஆர்செனல் கோல் கீப்பர் லீமன் கட்டத்துக்கு வெளியே பார்சிலோனாவின் எட்டோவை விழுத்தினார், பந்து அதே அணியின் ஜூலியிடம் போய் கோலும் ஆனது. ஆனால் நோர்வே மத்தியஸ்தர் ஹௌகே அதற்குள் ஊதிவிட்டார். கோல் இல்லை, லீமனுக்குச் சிவப்பு, ஆர்செனல் பதினெட்டாம் நிமிடத்திலிருந்து பத்துப் பேரோடு ஆடி 2-1 என்று தோற்றது. இன்னும் சில விநாடி பொறுத்திருந்தால் கோலையும் கொடுத்து மஞ்சளோடு முடித்திருக்கலாம் என்று ஹௌகேயே பிறகு சொன்னார். நான் பதிலுக்கு 2023 டிசம்பரில் மான்செஸ்டர் சிட்டி, டொட்டன்ஹாம் 3-3 ஆடியதைச் சொன்னேன். சிட்டியின் ஹாலண்டை விழுத்தியும் அவர் எழும்பிப் பந்தைத் தன் அணியின் கிறீலிஷுக்கு அனுப்பினார். மத்தியஸ்தர் ஹூப்பர் கையை நீட்டி விட்டுவிட்டு, கிறீலிஷ் கோலை நோக்கித் தனியே ஓடும்போது ஊதினார். ஒருவர் அவசரப்பட்டு ஊதினார், மற்றவர் அவசரப்பட்டுக் கை காட்டினார். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான் என்றார் மூத்தவர்: விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஓடாதே, கையில் வை. ஃபவுல் கண்டதும் மனதுக்குள் ஒன்று, இரண்டு எண்ணு. பிறகு கையை நீட்டு, அல்லது ஊது. பந்து காலில் இருப்பது மட்டும் அட்வான்டேஜ் இல்லை. முன்னால் இடம் இருக்கிறதா, பந்து கட்டுப்பாட்டில் இருக்கிறதா, கூட வர ஆள் இருக்கிறதா, இதைப் பார்.

பெனால்டிக் கட்டத்துக்குள் அவர் இன்னும் கறார். பெனால்டியை விட நல்ல வாய்ப்பு உலகத்தில் அரிது, அதனால் கோல் கண்ணுக்கு முன் திறந்திருந்தாலொழிய பெனால்டியை விட்டுவிட்டு ஓடவிடாதே. எண்ணும் அந்த ஒன்றிரண்டு விநாடியில் கோல் ஆனால் ஆகட்டும், ஆகாவிட்டால் ஊது. வெளியே சட்டையைப் பிடித்தவன் கட்டத்துக்குள்ளும் விடாமல் பிடித்துக்கொண்டே வந்தால் அது பெனால்டி. ஃபவுல் பட்ட அணியின் சொந்தப் பாதியில் நடக்கிற ஃபவுலுக்கு அட்வான்டேஜில் லாபம் குறைவு, ஆட்டம் சூடாக இருந்தால் அங்கே ஊதுவது எல்லோருக்கும் மூச்சுவிட நேரம் கொடுக்கும். என் அரையிறுதியின் இரண்டாம் பாதிக்கு இதுதான் பொருந்தும். நடுக்கோட்டுப் பக்கத்துச் சின்ன ஃபவுல்களை அங்கே அடுக்கடுக்காக ஊதினால் ஒரு குறையும் இல்லை. ஓடவிடுவதைக் கோல் வாய்ப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

நான் திரும்பி வந்தது ஒரு பதினாறு வயதுக்குட்பட்டோர் மெட்ச்சில். இப்போது நாணயம் சுண்டும்போதே இரண்டு தலைவர்களிடமும் ஒரு விஷயம் சொல்கிறேன்: "இது ரக்பி இல்லை. அட்வான்டேஜ் சில விநாடிதான். கோலுக்கு அடிக்கக் கிடைத்தால் அது முடிந்தது, திரும்ப மாட்டேன். அட்டை இருந்தால் பந்து நின்றதும் வரும்." பயிற்றுவிப்பாளர்களுக்கும் கேட்கிற தூரத்தில் நின்று சொல்வேன். அதன் பிறகு வாக்குவாதம் வராமல் இல்லை, ஆனால் தலைவர்களே தங்கள் பையன்களை இழுத்துக்கொண்டு போகிறார்கள்.

அந்த முறைப்பாடு நிற்கவில்லை. சுற்றுப்போட்டிக் குழு என் அறிக்கையையும் யாரோ எடுத்திருந்த ஃபோன் வீடியோவையும் வைத்துப் பார்த்தது, நிமிடமும் நம்பர்களும் பொருந்தின. மெட்ச் வேறு நாளில் வேறு மத்தியஸ்தரோடு நடந்தது. என் 3,500 ரூபாவைப் பற்றி எவரும் பேசவில்லை, நானும் கேட்டுக் கேட்டு விட்டுவிட்டேன். இப்போது மெட்ச்சுக்கு முதல் நாளே பாதிக் காசை வாங்குகிறேன். மெட்ச் இடையில் நின்றாலும் மீதி வரும் என்பதையும், சனத்துக்குக் கயிறு கட்டுவார்கள் என்பதையும் செய்தியில் எழுதி அனுப்பச் சொல்கிறேன். அனுப்பாதவர்களுக்கு, நீங்கள் வேறு ஆளைப் பாருங்கள் அண்ணே என்று சொல்லிவிடுகிறேன்.